நோயாளி நாற்காலி

அந்த ஆலோசனை மையத்தில் அவளை எல்லோரும் நடிகை என்றே கூப்பிட்டார்கள். சினிமாவிலோ மேடையிலோ அவள் தலைகாட்டியவள் இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒருமுறை மரமாக நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் புதிதாக ஆலோசகர் பயிற்சிக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் நோயாளி நாற்காலியில் உட்கார அவளைத்தான் அழைத்தார்கள். அழ வேண்டிய இடத்தில் அழுவாள், தயங்க வேண்டிய இடத்தில் தயங்குவாள். மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தவங்க வரலாமா?" என்று கேட்பாள். கைதட்டல் விழுவது அந்தக் கேள்விக்குத்தான்.

வயது நாற்பத்திரண்டு. கணவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். ஒரே மகள், பள்ளி இறுதி வகுப்பு. முன்பு ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் ஐந்து நாள் பயிற்சி எடுத்து, தொலைபேசியில் பேசும் ஆலோசகராக இங்கே சேர்ந்தாள். ஐந்து நாளில் ஒரு மனசைப் புரிந்துகொள்ளக் கற்க முடியுமா என்றால், ஐம்பது வருடத்திலும் முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அழைப்புகள் அதுவரை காத்திருப்பதில்லை.

ஒட்டுப்பலகையால் தடுத்த நான்கு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி, ஒரு கடிகாரம், ஒரு கட்டுப் படிவம். அழைப்பு ஒன்றுக்குப் படிவம் ஒன்று. அதில் ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, களைப்பு என்று தொடங்கி ஒன்பதாவதில் சாவைப் பற்றி வந்து நிற்கும். அதன் கீழே ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று மூன்று கட்டம். எல்லாவற்றுக்கும் அடியில் 'பின்தொடர்வு' என்று நீளமாக ஒரு கட்டம். ஏழாம் நாள் திரும்ப அழைத்து, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுத வேண்டியது.

பயிற்சிக் கையேட்டின் கடைசியில் 'ஆலோசகர் தன்னைக் காத்துக்கொள்ளல்' என்று அரைப்பக்கம் உண்டு. தண்ணீர் குடியுங்கள், நடந்து செல்லுங்கள், மனபாரம் கூடினால் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. மேற்பார்வையாளர் பதவிக்கு நான்கு வருடமாக ஆள் இல்லை. அவருடைய நாற்காலியில் ஒரு உடைந்த அச்சு எந்திரம் உட்கார்ந்திருந்தது. "போய் அதுகிட்டப் பேசு, அதுவும் மனசு உடைஞ்சுதான் கெடக்கு" என்று பக்கத்து அறைக்காரி ஒருமுறை சொல்லி, இருவரும் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து அறைக்காரி பிறகு ஒருநாள் தனக்கே தூக்கம் வருவதில்லை என்று உண்மையாகச் சொன்னாள். அடுத்த வாரமே அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாளுவதுபோல எல்லோரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். மூன்று மாதம் தாங்கினாள். பிறகு வரவில்லை. இதை நடிகை கூடவே இருந்து பார்த்தவள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் வேளையில், ஒரு பெண் அழைத்தாள். தையல் ஆலையில் வேலை. குரலில் அழுகை இல்லை. வெறும் களைப்பு. நடிகை எட்டுக் கேள்விகளை முடித்து ஒன்பதாவதுக்கு வந்தாள். 'ஆமாம்' என்று பதில் வந்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவமனையை அழைக்க வேண்டும். படுக்கை இல்லை என்பார்கள். இன்னொரு மருத்துவமனையைக் கேட்க வேண்டும். காத்திருக்கும் அழைப்புகளுக்கான விளக்கு மூன்று மினுக்கிக்கொண்டிருந்தது. கேள்வியைக் கேட்கத்தான் செய்தாள். ஆனால் 'அப்படியெல்லாம் ஒண்ணும் தோணலையே?' என்று, 'இல்லை' என்பதற்கு மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். அந்தப் பெண்ணும் திறந்திருந்த கதவு வழியாகவே வெளியேறினாள். 'குறைவு' என்ற கட்டத்தில் குறி விழுந்தது.

ஏழாம் நாள் அழைத்தபோது ஓர் ஆண் குரல் எடுத்தது. அண்ணன். தங்கை இறந்து ஆறு நாள் ஆகிறது என்றார். நீங்கள் யார் என்று கேட்டார். அவள் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னாள். பார்க்கும் படிவத்திலெல்லாம் பச்சைப் பேனாவால் குறி போடுகிற வழக்கத்தால் அவருக்கு டிக் சார் என்று பெயர். கெட்டவர் இல்லை, நேரம் இல்லாதவர். படிவத்தை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. ஒம்பது கேள்வியும் கேட்டிருக்கீங்க. கையெழுத்துகூட எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

"பின்தொடர்வுல என்ன சார் எழுதறது?"

"அத விடுங்க. முடிஞ்சுபோன கேஸு."

அந்தக் கட்டம் காலியாகவே நின்றது. அதோடு போயிருந்தால்கூட அவள் ஒருவேளை தேறியிருப்பாள். நாலு மாதம் கழித்து டிக் சார் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் காட்ட நன்றாக நிரப்பிய ஒரு படிவம் தேடினார். யாருடைய படிவம் என்பது அவருக்கு நினைவில்லை, கையெழுத்துதான் நினைவிருந்தது. பெயரை மறைத்து, தலைப்பில் 'மாதிரி' என்று முத்திரை குத்தி, நகல் எடுத்தார். அன்று முதல் ஒவ்வொரு பயிற்சியின் இரண்டாம் நாளும் அந்தத் தாள் கைக்குக் கை மாறும். "இப்படித்தான் நிரப்பணும்" என்பார் டிக் சார். நோயாளியாக நடிக்கக் காத்திருப்பவள் சுவரோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

நடிப்புக்கென்று அச்சடித்த அட்டைகள் உண்டு. அவளுக்கு வாய்த்தது ஏழாம் எண். 'முப்பத்தெட்டு வயதுப் பள்ளி ஆசிரியை. கணவர் வெளியூரில். தூக்கமின்மை.' ஆரம்பத்தில் அட்டையில் உள்ளதை ஒப்பிப்பாள். பிறகு ஒரு பயிற்சியில், "கழுவின தட்டையே திரும்பக் கழுவறேன். எத்தனை தரம்னு தெரியல" என்றாள். அட்டையில் தட்டு இல்லை. ஒருவரும் கேட்கவில்லை, கைதட்டினார்கள். அடுத்த தடவை, "போன் வைக்கிற சத்தம் காதுலயே இருக்கு" என்றாள். பள்ளி ஆசிரியைக்கு ஏன் போன் சத்தம் என்றும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. மதிப்பெண் தாளின் தலையில் தடித்த எழுத்தில் ஒரு விதி: 'கவனிக்க வேண்டியது ஆலோசகரை. நோயாளியை அல்ல.' பன்னிரண்டு பேர் அமர்ந்திருக்கும் அறையில், பன்னிரண்டு பேரும் விதிப்படி அவளைப் பார்க்காமல் இருந்தார்கள்.

இரண்டு வருடத்தில் அட்டையிலிருந்து வயது ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் அவளுடையது. இன்றைக்கு யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தோடு போய் உட்காருவாள். கண்டுபிடிக்காமல் விட்டார்களே என்ற வேறொரு வலியோடு எழுந்து வருவாள்.

அந்த மாதப் பயிற்சி திங்கட்கிழமை தொடங்கியது. மகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. அதுவரைக்கும் என்று நடிகை மனசுக்குள் ஒரு தவணை வைத்திருந்தாள். அதற்குப் பிறகு தான் இருக்க வேண்டியதில்லை. கைப்பையின் உள்ஜிப்பில் ஒரு சின்ன டப்பா இருந்தது. காலையில் கிளம்பும்போது சாவி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வயது ஐம்பத்தெட்டு, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். முதல் நாள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் சேவை, சமூகம் என்று எதையோ சொன்னார்கள். கண்டக்டரம்மா எழுந்து, "முப்பது வருஷம் 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்தியே காலம் போச்சு சார். இனிமேலாவது யாராவது சொல்றதக் கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்" என்றாள். அறை சிரித்தது. டிக் சார் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தேர்வு. அதில் தேறியவர்களுக்குத்தான் நான்காம் நாள் பாடம். ஒன்பதாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதை அன்றைக்குத்தான் சொல்லித் தருவார்கள். இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேர் இல்லாமல் சற்றுக் கோணலாக. நடுவே ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு குவளைத் தண்ணீர். பின்னால் டிக் சார், இருபது கட்டம் போட்ட தாளோடு.

ஏழாவது ஆளாகக் கண்டக்டரம்மா வந்து உட்கார்ந்தாள். தன் பெயரைச் சொல்ல மறந்தாள். அங்கே ஒரு மதிப்பெண் போயிற்று. மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். அது தலை மேல் இருந்தது.

"தூக்கம் எப்படிம்மா?"

"இல்ல. படுத்தா, போன் வைக்கிற சத்தம் கேக்குது. டக்குன்னு. அந்தப் பக்கம் யாரோ வைக்கிறாங்க. நான் இன்னும் பேசிக்கிட்டே இருக்கேன்."

அடுத்த கேள்வி பசி. கண்டக்டரம்மா அதைக் கேட்கவில்லை. படிவத்தைத் தரையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். நாற்காலியை இழுத்து நேருக்கு நேராகப் போட்டாள். அதற்கும் ஒரு மதிப்பெண் போயிற்று.

"நீ டீச்சர்னுதானே அட்டையில போட்டிருக்கு? டீச்சருக்கு எதுக்கும்மா போன் சத்தம்?"

 நடிகையின் கை குவளையைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது.

"சார், மணிய அடிங்க. இது நடிப்பு இல்ல. இந்தப் பொண்ணு நிஜத்தச் சொல்லுது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

"அம்மா, வேஷத்த உடைக்கக் கூடாது. அதுதான் மொத விதி" என்றார் டிக் சார்.

"என்ன சார் வேஷம்? முப்பது வருஷம் டிக்கெட் குடுத்தவ நான். எவன் டிக்கெட் எடுக்கலன்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியும்."

"அவங்க அவ்வளவு நல்லா நடிக்கறாங்கம்மா. அதுக்குத்தான் அவங்களக் கூப்பிடறோம்." அவர் நடிகையின் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களே சொல்லிடுங்க."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அறையிலிருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். கோப்பு அறை, மெதுவாகப் பேசுகிற குரல்கள், பிறகு மாதிரிப் படிவத்தைப் பற்றிய கேள்விகள். எதிரே தன் தேர்வைத் தொலைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"நடிப்புதான் சார்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்தவங்க வரலாமா?"

கைதட்டல் விழுந்தது. கண்டக்டரம்மாவுக்கு இருபதுக்கு நாலு. நாளை முதல் வர வேண்டியதில்லை என்று டிக் சார் மரியாதையாகவே சொன்னார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மையத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் கண்டக்டரம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள் திருப்பித் தர மறந்த கையேடு. நடிகை சாலையைக் கடந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"என் மேல கோவமாக்கா?"

"கோவம் என்ன கோவம். தேறலன்னு தெரிஞ்சா என் மருமக ஒரு வாரம் சிரிப்பா, அதுதான் கவலை. உக்காரு."

உட்கார்ந்தாள். ஒரு பஸ் வந்து போயிற்று.

"நீங்க சொன்னது நிஜந்தான்க்கா."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அப்படியே விட்டுட்டீங்க?"

"டிக்கெட் எடுக்காதவன நடு பஸ்ல எல்லார் முன்னாடியும் கேட்டா, எடுத்தேன்னுதான் சொல்லுவான். எறங்கற எடத்துல, தனியாக் கேக்கணும். அங்க கேட்டது என் தப்பு." பையைக் கீழே வைத்தாள். "அந்த ஒம்பதாவது கேள்விய நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன். செத்துப்போகணும்னு நெனைக்கிறியா?"

இவ்வளவு நேராக அந்தக் கேள்வியை யாரும் கேட்டு அவள் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. எந்தப் பதிலுக்கும் இதில் கதவு சாத்தியிருக்கவில்லை.

"ஆமா" என்றாள்.

கண்டக்டரம்மா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். "இதுக்கு அடுத்தது என்ன கேக்கணும்? அத நாளைக்குத்தானே சொல்லித்தரேன்னாரு. என்னைய இன்னிக்கே அனுப்பிட்டாரு அந்த மனுசன்."

நடிகைக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகி, பிறகு எது என்று தெரியாத ஒன்றாகி நின்றது. மூச்சு சீரானதும் சொன்னாள்: "எப்பன்னு கேக்கணும்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சப்புறம்."

"அப்புறம் என்ன கேக்கணும்?"

"அதுக்குன்னு ஏதாவது கைவசம் இருக்கான்னு கேக்கணும்."

கண்டக்டரம்மா கேட்கவில்லை. உள்ளங்கையை நீட்டினாள், பயணியிடம் நீட்டுவதுபோல. எடுக்கும்வரை நகரப்போவதில்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. நடிகை கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து டப்பாவை எடுத்து வைத்தாள். அது கண்டக்டரம்மாவின் பைக்குள் போய் விழுந்தது.

"அப்புறம்?"

"தனியா விடக் கூடாது."

"அது எனக்குத் தெரியாதா? எழுந்திரு, உங்க வீட்டுக்குப் போலாம்."

"வேண்டாம்க்கா. இதெல்லாம் ரகசியம். ஆலோசகர் வெளிய சொல்லக் கூடாது."

உயிர் சம்பந்தப்பட்டதில் அந்த ரகசியம் பொருந்தாது என்பதும் நான்காம் நாள் பாடம்தான். அதை மட்டும் அவள் சொல்லாமல் விழுங்கினாள்.

"அதெல்லாம் தேறினவங்களுக்கு" என்றாள் கண்டக்டரம்மா. "நாந்தான் தேறலையே."

கணவர் கூடத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜின் முதுகைக் கழற்றி வைத்திருந்தார். கண்டக்டரம்மா உட்காரவில்லை. நின்றபடியே நாலு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவும் இல்லை, பிடித்திருக்கவும் இல்லை. அது தானாக நழுவியது. பக்கத்து அறையில் மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் வரலன்னு சொன்னா. வேலைக் களைப்புன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "நான் என்ன பண்ணணும்மா?"

"முழுசாத் தெரியல தம்பி. எனக்கு மூணு நாள்தான் சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கு ராத்திரி நீங்க தூங்கக் கூடாது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவ்வளவுதான் தெரியும்."

மறுநாள் மூவரும் போனார்கள். எத்தனையோ பேரை நடிகை அந்த மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். அந்த வரிசையில் நின்றதில்லை. உட்கார இடம் கிடைக்க ஒன்றரை மணி நேரம், உள்ளே கூப்பிட இன்னும் இரண்டரை. நர்ஸ் ஒருத்தி அதே ஒன்பது கேள்விகளைத் தாளைப் பார்த்தபடி கேட்டாள். ஒன்பதாவதுக்கு அவள் 'ஆமாம்' என்றதும் நர்ஸின் பேனா ஒரு நொடி நின்றது. படுக்கை காலி இல்லை. டாக்டர் ஆறு நிமிடம் பேசினார். மாத்திரையைக் கணவர் கையில்தான் கொடுத்தார்கள், இவளிடம் தரக் கூடாது என்று சொல்லி. இருபது நாள் கழித்து வரச் சொன்னார்கள். டப்பாவைக் கண்டக்டரம்மா மருந்துக் கூடத்தில் ஒப்படைத்தாள்.

வெள்ளிக்கிழமை மகள் பரீட்சை முடிந்து வந்தாள். கேள்வித்தாள் கடினம் என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். அந்த நாள் முடிந்தது. யாரும் அதை ஒரு வெற்றியாக நினைக்கவில்லை, நினைக்கவும் கூடாது.

திங்கட்கிழமை அவள் மையத்துக்குப் போனாள். டிக் சாரிடம் மருத்துவமனைச் சீட்டைக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"அக்கா, அன்னிக்கு நடிப்புன்னுதானே சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

அவர் முகம் மாறியது. தன் தாள்களை அடுக்கி, கலைத்து, திரும்ப அடுக்கினார். பிறகு விதியைச் சொன்னார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். சிகிச்சையில் இருப்பவர் தொலைபேசி எடுக்கக் கூடாது. டாக்டர் சம்மதித்தால் நாளை முதல் கோப்பு அறையில் சும்மா உட்காரலாம். அவள் சரி என்றாள்.

"அந்த மாதிரிப் படிவத்தோட மூலத்த ஒரு நிமிஷம் குடுங்க சார்."

எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அவள் நின்றபடியே மேசை மேல் குனிந்து, இரண்டு வருடம் காலியாகக் கிடந்த கடைசிக் கட்டத்தில், அதே அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'ஏழாம் நாள் அழைத்தபோது அண்ணன் பேசினார். நம்மிடம் பேசிய மறுநாள் காலை இவர் இறந்துவிட்டார்.'

டிக் சார் படித்தார். எந்தப் படிவம் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. 

"இத எப்படிக்கா மாதிரின்னு குடுக்கறது?"

"இதையே குடுங்க சார். எல்லாக் கேள்வியும் கேட்டு, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கடைசில என்ன ஆச்சுன்னு அவங்களும் பாக்கட்டும்."

அவர் தாளை மற்றப் படிவங்களோடு சேர்க்கவில்லை, கிழிக்கவும் இல்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

வெளியே நடைவழி பெஞ்சில் கண்டக்டரம்மா பையோடு காத்திருந்தாள். "என்ன ஆச்சு?"

"எழுதிட்டேன். டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டாரு."

"சாவி?"

"இன்னொரு சாவி கோப்பு அறையில தொங்கும்."

"உன்ன எங்க போட்டிருக்காங்க?"

"கோப்பு அறையில."

கண்டக்டரம்மா அதற்குச் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் படியிறங்கினார்கள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அந்தப் பதினாறில் இன்றைக்கு இன்னும் பாதி பாக்கி.